பதினேழுக்கு மசியாத எண்

முன்னொரு காலத்தில், ஓர் எண்ணுக்கு வெண்கொற்றக் குடை பிடித்த நாடு ஒன்று இருந்தது. ஆளுக்குக் குடை பிடிப்பார்கள், சாமிக்குக் குடை பிடிப்பார்கள், எண்ணுக்கு எப்படிப் பிடித்தார்கள் என்று கேட்கலாம். அதைச் செப்புத் தகட்டில் வெட்டி, பல்லக்கில் ஏற்றி, நாலு பேர் தூக்கிவர, பின்னால் ஒருவன் குடையோடு நடக்க, மாதம் ஒருமுறை ராஜவீதியில் உலா விட்டார்கள். ஜனங்கள் இருபுறமும் நின்று கும்பிட்டார்கள். கும்பிடாதவர்களைக் குறித்துக்கொள்ள ஒரு சேவகன் கூடவே போனான்.

அந்த எண் ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது.

அந்த நாட்டு அரசர் குமுதவர்மர். நல்லவர்தான். ஆனால் கேட்க விரும்பியதை மட்டுமே கேட்டுக் கேட்டுக் காது பழகிப்போனவர். அவருடைய பிறந்தநாளன்று சபையில் ஒருவர் வாள் கொடுத்தார், ஒருவர் வெண்பா பாடினார், ஒருவர் கன்றோடு பசுவை ஓட்டிவந்தார். பெருங்கணியர் மாதவராயர் மட்டும் ஓர் ஓலை நறுக்கைத் தட்டில் வைத்து நீட்டினார். அதில் இந்த எண் எழுதியிருந்தது.

அரசர் ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இது எதற்கு என்று கேட்டார். அரசர் பதினாறு நாடுகளை ஆள்கிறார் அல்லவா, இந்த எண்ணும் ஒன்று முதல் பதினாறு வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதமில்லாமல் வகுபடும், இதைவிடச் சிறிய எண் எதுவும் இந்தக் காரியத்தைச் செய்யாது என்று மாதவராயர் விளக்கினார். இதுவரை அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அத்தோடு அவர் வாயை மூடியிருந்தால் நமக்குக் கதையே கிடைத்திருக்காது. அரசரின் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் அவருக்கு நாக்கு துள்ளியது.

"தங்கள் ஆணைக்குப் பணியாத நாடு இல்லை. அதுபோல, பிரபு, இந்த எண்ணுக்குப் பணியாத எண்ணும் இல்லை" என்றார்.

அரசர் பூரித்துப்போனார். ஒன்பதால் வகுத்தால் என்ன வரும் என்று கேட்டார். எண்பதாயிரத்து எண்பது, மீதி இல்லை என்று பதில் வந்தது. பதிமூன்றால் என்று கேட்டார். ஐம்பத்தையாயிரத்து நானூற்று நாற்பது, மீதி இல்லை. அன்றிலிருந்து காலையில் பல் துலக்கியதும் அரசர் பதினாறுக்குள் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும், மாதவராயர் விடையைச் சொல்ல வேண்டும், "மீதி இல்லை" என்று கேட்ட பிறகுதான் அரசர் ஆகாரத்தில் கை வைப்பார் என்று ஆகிவிட்டது. மாதவராயருக்கு 'எண்பேரரசு' என்ற பட்டம் கிடைத்தது. அந்த எண்ணை யாரும் உட்கார்ந்துகொண்டு சொல்லக் கூடாது என்று பறையறிவித்தார்கள். சந்தையில் வெறும் எழுநூற்று இருபது என்று சொல்ல வேண்டி வந்தவர்கள்கூட, எதற்கும் இருக்கட்டும் என்று ஒருமுறை எழுந்து நின்றுவிட்டு உட்கார்ந்தார்கள்.

அரசவையில் சடைக்கூத்தன் என்ற விகடகவி இருந்தான். ஒல்லியான உடம்பு, பெரிய காது, எதையும் சிரிக்காமல் சொல்கிற முகம். ஒருநாள் அரசர் அவனிடம், எல்லாரும் என் எண்ணைப் புகழ்கிறார்கள், நீ ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டார்.

சடைக்கூத்தன் எழுந்து நின்று, நல்ல எண்தான் பிரபு, ஆனால் அதில் ஒரு பாதி வேலையை யாருடைய எண்ணும் செய்யும் என்றான். பிறகு வாயிற்காவலனை அழைத்து மனதுக்குத் தோன்றிய மூன்று இலக்க எண் ஒன்றைச் சொல்லச் சொன்னான். அவன் பயந்துகொண்டே முந்நூற்று நாற்பத்தொன்று என்றான். அதையே பக்கத்தில் இன்னொருமுறை எழுதினால் மூன்று லட்சத்து நாற்பத்தோராயிரத்து முந்நூற்று நாற்பத்தொன்று ஆகிறது. அதை ஏழால் வகுக்கச் சொன்னான். மீதி இல்லை. பதினொன்றால், பதிமூன்றால் வகுக்கச் சொன்னான். மீதி இல்லை. ஏழையும் பதினொன்றையும் பதிமூன்றையும் பெருக்கினால் ஆயிரத்தொன்று. எந்த மூன்று இலக்கத்தையும் ஆயிரத்தொன்றால் பெருக்கினால் அது இரண்டுமுறை எழுதியதுபோல் ஆகும். அரசரின் எண்ணும் எழுநூற்று இருபதை இரண்டுமுறை எழுதியதுதான் என்று விளக்கினான்.

சபையில் பலருக்கு அது பிடித்திருந்தது. அரசருக்கும் கொஞ்சம் பிடித்திருந்தது. மாதவராயருக்குப் பிடிக்கவில்லை. தெய்வ அருள் என்று அவர் சொல்லிவந்ததை ஒரு கோமாளி வாயிற்காவலனை வைத்து விளக்கிவிட்டான். இவனை இந்தச் சபையைவிட்டு அனுப்புவதே தன் அடுத்த வேலை என்று அன்றே அவர் முடிவு செய்தார்.

அந்தச் சமயத்தில் அரசர், தம் பதினாறு நாடுகளிலும் நாட்டுக்கொரு சாவடி கட்ட நினைத்தார். வழிப்போக்கர்கள் தங்குவதற்கு. மொத்தம் எத்தனை செங்கல் என்ற கேள்வியே எழவில்லை. ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபதுதான். நாட்டுக்கு நாற்பத்தையாயிரத்து நாற்பத்தைந்து கல் வரும். ஆற்றங்கரையில் சூளை போட்டிருந்த உண்ணாமலை என்ற பெண்ணிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. மண் குழைப்பதிலிருந்து அடுக்கிச் சுடுவதுவரை அவள் கண் படாமல் ஒரு கல் வெளியே போகாது. ஏழு மாதம் உழைத்து அத்தனை கல்லையும் சுட்டு எடுத்தாள்.

கல் ஆறுவதற்குள் அரசருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. செங்கழனி நாட்டு இளவரசி வந்தாள். அவள் பின்னால் செங்கழனி நாடும் சீதனமாக வந்தது. இப்போது நாடுகள் பதினேழு. புது ராணியின் நாட்டுக்கும் சாவடி வேண்டும், பங்கில் ஒரு கல்கூடக் குறையக் கூடாது. அரசர் மறுநாள் காலையில் பல் துலக்கிவிட்டு, பதினேழால் வகுத்தால் என்ன என்று கேட்டார்.

மாதவராயர் வீட்டில் ஏற்கெனவே வகுத்துப் பார்த்திருந்தார். நாற்பத்திரண்டாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து போக, மீதி ஐந்து. மூன்றுமுறை போட்டுப் பார்த்தார். மூன்றுமுறையும் ஐந்து. பணியாத எண்ணே இல்லை என்று சொன்ன வாயால் இதை எப்படிச் சொல்வது? பட்டம் போகும், பல்லக்கு போகும், காலை மரியாதை போகும்.

"நாற்பத்திரண்டாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து, பிரபு" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "மீதி இல்லை" என்றார்.

அரசர் மகிழ்ந்து, இதை எழுதி ஐந்து பெரியவர்கள் கையொப்பமிட்டுக் கல்வெட்டில் பொறிக்க வேண்டும் என்றார். மாதவராயர் முதலில் ஒப்பமிட்டார். அடுத்துத் தளபதி, பொக்கிஷக்காரர், அவைப்புலவர், புரோகிதர். நால்வரில் ஒருவரும் வகுத்துப் பார்க்கவில்லை. தளபதிக்கு வகுக்கத் தெரியாது. மற்ற மூவருக்கும் தெரியும். அதனால்தான் அவர்கள் வகுத்துப் பார்க்கவில்லை.

சூளையில் உண்ணாமலை பதினேழு அடுக்குகளாகக் கல்லைப் பிரித்தாள். அடுக்குக்கு ஓலையில் சொன்ன கணக்கு. பதினேழாவது அடுக்கு முடிந்ததும் தரையில் ஐந்து கல் கிடந்தது. அவள் அதை மேற்பார்வைக்காரனிடம் சொன்னாள். அவன் அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னான். அவள் இல்லை, ஐந்து கல் மிச்சம் இருக்கிறது, எங்கே வைப்பது என்று திரும்பவும் கேட்டாள். சுற்றிலும் இருபது பேர் நின்றிருந்தார்கள். செய்தி அரண்மனைக்குப் போய்விட்டது.

மாதவராயர் கொதித்தார். அரசரின் எண்ணை அவமானப்படுத்த இவள் ஐந்து கல்லைக் கூடுதலாகச் சுட்டுக் கலந்துவிட்டாள் என்றார். பதினோரு நாள் பத்துக் கணக்கர்கள் கல்லை எண்ணினார்கள். சரியாக ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது இருந்தது. அப்படியானால் அடுக்குகளில் குறைத்து வைத்திருக்கிறாள் என்றார். அடுக்குகளும் சரியாக இருந்தன. அப்படியானால் இது ராஜத்துரோகம் என்றார் மாதவராயர். கணக்கும் சரி, அடுக்கும் சரி, ஆனாலும் கல் மிஞ்சுகிறது என்றால் அது வேறு என்னவாக இருக்க முடியும் என்று சபையைப் பார்த்துக் கேட்டார். ஒப்பமிட்ட நால்வரும் தலையாட்டினார்கள். சூளையை இடித்து அவளை நாடு கடத்த வேண்டும் என்று தீர்ப்பு எழுதத் தொடங்கினார்கள்.

அப்போது சடைக்கூத்தன் எழுந்து, பிரபு, குற்றம் அவள் கையில் இல்லை, எண்ணிடமே விசாரித்தால் தெரியும் என்றான்.

மாதவராயர் காத்திருந்தது இதற்குத்தான். அரசரின் எண் குறையுள்ளது என்கிறார் விகடகவி, அவ்வளவு சாமர்த்தியம் இருந்தால் அவரே அந்தக் கல்லைப் பதினேழு நாட்டுக்கும் பங்கிடட்டும் என்றார். நிபந்தனைகளையும் மாதவராயரே சொன்னார். ஒரு கல்லும் மிஞ்சக் கூடாது. ஒன்றையும் உடைக்கவோ ஒளிக்கவோ கூடாது. வெளியிலிருந்து ஒன்றும் சேர்க்கக் கூடாது. மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் முடிக்காவிட்டால் உண்ணாமலையோடு விகடகவியும் எல்லை தாண்ட வேண்டும். அரசருக்கு மனம் சங்கடப்பட்டது. ஆனால் புது ராணி பக்கத்தில் இருந்தாள். தம் எண்ணை அவள் முன் விட்டுக்கொடுக்க முடியவில்லை. அப்படியே ஆகட்டும் என்றார்.

சடைக்கூத்தன் சபையிலிருந்து நேரே சூளைக்குப் போனான். உண்ணாமலை காவலுக்கு நடுவே ஒரு கல்லடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தாள், ஆனால் முகத்தைக் கழுவியிருந்தாள்.

"ஐயா, அந்த அஞ்சு கல்லையும் அன்னிக்கே ஆத்துல போட்டிருந்தா எனக்கு இந்த வம்பு இல்ல" என்றாள்.

"ஏனம்மா போடவில்லை?"

"நல்லா வெந்த கல்லுய்யா. அதைப் போயி ஆத்துல போடுவாங்களா? அதோட, இருக்கறத இல்லேன்னு சொல்லிட்டா நாளைக்கு எந்த அடுக்க நான் நம்புறது?"

சடைக்கூத்தன் கீழே குந்தி, ஒரு சுள்ளியால் மண்ணில் ஆறு எண்களை எழுதினான். பதினாறு, ஒன்பது, ஐந்து, ஏழு, பதினொன்று, பதிமூன்று. இந்த ஆறையும் ஒன்றோடொன்று பெருக்கினால் அரசரின் எண் வந்துவிடும், அதனால்தான் பதினாறு வரைக்கும் எல்லாவற்றுக்கும் அது இணங்கிப் போகிறது, ஆனால் இதில் பதினேழு எங்கும் இல்லை, இல்லாததை வெளியே எடுக்க முடியாது என்றான். மண்ணில் எழுதியிருந்ததை அவள் ஒருமுறை பார்த்தாள்.

"களிமண்ணுல சேர்க்காத மணலைச் சூளையில தேடுற மாதிரி" என்றாள்.

அப்படியேதான் என்றான் சடைக்கூத்தன். மிஞ்சிய ஐந்து கல்லையும் வாங்கிக்கொண்டு, நாளை சபையில் நீ பார்த்ததை மட்டும் சொன்னால் போதும், பயப்படாதே என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. சடைக்கூத்தன் பட்டுத்துணி மூடிய ஐந்து தட்டுகளோடு வந்தான். அரசரை வணங்கி, பதினேழு அடுக்கும் காலையிலேயே வண்டியேறிப் போய்விட்டன, ஓலையில் சொன்ன கணக்குப்படியே ஏற்றியிருக்கிறது என்றான். பிறகு ஒப்பமிட்ட ஐவரும் தங்கள் ஓலையை ஒருமுறை சபையில் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டான். மாதவராயர் உரக்கப் படித்தார். பதினேழால் வகுத்தபின் மீதி பூஜ்யம், கல் ஒன்றும் மிஞ்சாது என்று அதில் இருந்தது. ஐவரும் இன்றும் அதில் உறுதியாக இருக்கிறார்களா என்று சடைக்கூத்தன் கேட்டான். உறுதியாக இருக்கிறோம் என்றார்கள்.

"அப்படியானால், பிரபு, அடியேனின் வேலை முடிந்தது. கல் மிஞ்சவில்லை என்பதற்கு இந்த ஐந்து பெரியவர்களே சாட்சி. மிஞ்சியது பூஜ்யம் மட்டுமே. பூஜ்யம் என்றால் பூசிக்கத் தக்கது. அதைத் தரையில் வைக்கலாகாது. ஆளுக்கொன்றாக அவர்கள் தலையில் தாங்க அனுமதி தர வேண்டும்."

அரசருக்கு முதலில் விளங்கவில்லை. பட்டுத்துணியை எடுத்ததும் விளங்கியது. ஒவ்வொரு தட்டிலும் நன்றாகச் சிவந்து வெந்த ஒரு செங்கல் இருந்தது. அனுமதி கொடுத்தார்.

சடைக்கூத்தன் ஐவரையும் வரிசையாக நிறுத்தி, மிகுந்த பணிவோடு ஒவ்வொருவர் தலையிலும் ஒரு கல்லை வைத்தான். பிறகு மாதவராயரிடம், பெருங்கணியரே, தங்கள் தலையில் என்ன இருக்கிறது என்று கேட்டான். செங்கல் என்று சொன்னால் ஓலை பொய்யாகிவிடும்.

"ஒன்றுமில்லை" என்றார் மாதவராயர்.

மற்ற நால்வரும் ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லாததை இறக்கி வைக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று சொல்லிவிட்டு, சபையின் வழக்கமான அலுவலைத் தொடரலாம் என்று சடைக்கூத்தன் அரசரிடம் விண்ணப்பித்தான். இரண்டு ஊர்களுக்கு நடுவே ஓடும் வாய்க்கால் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு அன்றைக்கு வந்திருந்தது. இரு தரப்பிலும் பேசத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். வழக்கு நீண்டது.

புலவருக்குக் கழுத்து நடுங்கியது. பொக்கிஷக்காரரின் நெற்றியில் செம்மண் கலந்த வேர்வை ஓடியது. புரோகிதர் கண்ணை மூடி எதையோ ஜபித்தார். தளபதி நாலு போர் பார்த்தவர், அசையாமல் நின்றார். ஆனால் செங்கல் தூசி மூக்கில் ஏற, ஒரு பெருந்தும்மல் போட்டார். கல் நழுவி அவர் கால் பெருவிரலில் விழுந்தது.

"ஐயோ, கல்" என்று அலறிவிட்டார்.

வாய்க்கால் வழக்கு நின்றது. எந்தக் கல் என்று சடைக்கூத்தன் வியப்போடு கேட்டான். தளபதி காலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றபடி, செங்கல்தான் பிரபு, எனக்கு வகுத்தல் தெரியாது, பெருங்கணியர் சொன்னார் என்று ஒப்பம் போட்டேன் என்று சொல்லிவிட்டார். உடனே புலவரும் தம் தலையில் இருப்பது செங்கல்லே என்று ஒப்புக்கொண்டார். மற்ற இருவரும் சொல்லக்கூட இல்லை, குனிந்து இறக்கிவைத்தார்கள். மாதவராயர் ஒருவர் மட்டும் நின்றார். அவர் முகம் கல்லைவிடச் சிவந்திருந்தது.

அரசரே கேட்டார். "மாதவராயரே, தலையில் என்ன?"

"ஒன்றுமில்லை, பிரபு."

"நல்லது. அப்படியே வீட்டுக்குப் போங்கள். நாளையும் அப்படியே வாருங்கள். ஒன்றுமில்லாததை இறக்கச் சொல்லி உங்களுக்கு வீண் சிரமம் கொடுக்க மாட்டேன்."

மாதவராயர் வாசலை நோக்கி நாலடி நடந்தார். ஐந்தாவது அடியில் நின்றார். வெளியே ராஜவீதி, கடைத்தெரு, பிறகு தம் வீட்டுத் தெரு. எல்லா இடத்திலும் ஆட்கள் இருப்பார்கள். மெதுவாகத் திரும்பினார்.

"செங்கல், பிரபு" என்றார். குரல் சின்னதாகிவிட்டது. "மீதி ஐந்து."

அரசர் சிரிக்கத் தொடங்கினார். ராணி சிரித்தாள். சபை சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அரசரின் முகத்தில் ஒரு வருத்தம் தெரிந்தது. தம் எண் தம்மை இப்படிக் கைவிட்டுவிட்டதே என்று சடைக்கூத்தனிடம் சொன்னார்.

"எண் கைவிடவில்லை, பிரபு. பதினாறு வரை இணங்குவேன் என்றது, இணங்கியது. பதினேழுக்கு மாட்டேன் என்றது, கடைசிவரை மாட்டேன் என்றது. ஆணை கல்வெட்டில் ஏறிய பிறகும் தன் சொல்லை மாற்றாதவர்கள் இந்த ராஜ்யத்தில் இருவர். ஒன்று அந்த எண். இன்னொருவர் காவலில் நிற்கிறார்."

உண்ணாமலையை உள்ளே அழைத்தார்கள். அவள் சும்மாட்டுத் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றாள். அரசர் அவளை விடுவித்து, தவறாகத் தண்டிக்க இருந்ததைத் தாமே சொல்லி, கல்வெட்டைச் செதுக்கி அழிக்க உத்தரவிட்டார். பிறகு, இந்த ஐந்து கல்லையும் எந்த நாட்டுக்குக் கொடுப்பது, மற்ற நாட்டார் கோபித்துக்கொள்ள மாட்டார்களா என்று உண்மையான கவலையோடு அவளிடம் கேட்டார்.

அவள் அரசரைப் பார்த்தாள், சபையைப் பார்த்தாள், கொஞ்சம் தயங்கினாள்.

"மகாராசா, போற வழியில வண்டி குலுங்கியே நாட்டுக்கு ஐந்நூறு கல்லு ஒடையுமுங்க. அஞ்சு கல்ல யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள்.

பதினோரு நாள் கல் எண்ணிய பத்துக் கணக்கர்களும் சபையின் ஓரத்தில்தான் நின்றிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் அரசருக்குச் சிரிப்பு மறுபடி வந்துவிட்டது. இந்தமுறை அவர் தம்மையே நினைத்துச் சிரித்தார். அது சபைக்குப் புதிதாக இருந்தது.

சிரித்து முடித்துவிட்டு, கீழே குனிந்த தலையோடு நின்ற மாதவராயரை அழைத்தார். பட்டத்தைப் பறிக்கப் போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஒன்று முதல் பதினேழு வரை எல்லா எண்ணாலும் மீதமின்றி வகுபடும் எண் எது என்று மட்டும் அரசர் கேட்டார். மாதவராயர் வழக்கம்போல உடனே வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடினார்.

"கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், பிரபு" என்றார்.

அப்படி ஒரு வாக்கியம் அந்தச் சபையில் அதுவரை ஒலித்ததில்லை.

இரண்டு நாள் கழித்து வந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். எண், ஒரு கோடியே இருபத்திரண்டு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரத்து இருநூற்று நாற்பது என்றார். பழைய எண்ணைப் பதினேழால் பெருக்கியது என்றார். தற்செயலாகப் பதினெட்டுக்கும் அது இணங்கும் என்றார். அரசர் தலையசைத்து அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. யாரும் கேட்காமலே இன்னொன்றையும் சொன்னார்.

"பத்தொன்பதுக்கு வகுபடாது, பிரபு. மீதி பதினான்கு. மூன்றுமுறை போட்டுப் பார்த்துவிட்டேன்."

அரசர் சிம்மாசனத்தின் கைப்பிடியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, ஒரு கணியரை மீதி சொல்ல வைத்ததற்காக என்று சொல்லி, சடைக்கூத்தனுக்குப் பட்டு உத்தரீயமும் இரண்டு கறவை மாடுகளும் ஆற்றோரமாக ஒரு தோப்பும் கொடுத்தார். சடைக்கூத்தன் வணங்கி வாங்கிக்கொண்டான். அவனும் அன்று சிரித்தான் என்று சொல்கிறார்கள். பார்த்தவர்கள் அதிகம் பேர் இல்லை.